திரும்புவது யார்

ஆலங்காயம்
12.2.1981

சந்தியாகு,

தம்பி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பெயரே போதும்.

நீ கொடுத்தனுப்பிய புத்தகம் வந்தது. புளி ஏற்றி வந்த ஜீப்காரன் கடையில் வைத்துவிட்டுப் போனான். இட்லிக் கூட்டம் கலையட்டும், நிதானமாகப் பார்க்கலாம் என்று கல்லாப் பெட்டி மேல் வைத்திருந்தேன். என் தம்பி புத்தகம் போட்டிருக்கிறான், திருப்பத்தூரில் அச்சடித்திருக்கிறான் என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னேன். பஸ் கண்டக்டர் வாங்கி அட்டையைப் படித்தார். "இன்னாக்கா இது, ஜப்பான்காரன் பாஷையாமே?" என்றார். அப்போதுதான் நான் பார்த்தேன்.

மஞ்சள் அட்டை. 'கொதோ. ஜப்பானிய மொழியை எளிதாக்கி அமைத்த புதிய பொதுமொழி. ஆக்கியவர்: ச. சந்தியாகப்பன், ஆசிரியர், நெல்லிவாசல்.' உள்ளே முதல் பக்கத்தில், 'என் தந்தை சவரிமுத்துவின் நினைவுக்கு.'

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

அப்பாவை லாரியில் ஏற்றிய நாளில் உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினைந்து. உனக்கு மறந்திருக்கலாம். மலாயாவில், கெடாவில் அந்த ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில், அந்தப் பாஷையில் எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. 'பக்கேரோ.' அது காதில் விழுந்தால் அடுத்தது கன்னத்தில் விழும். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போன ஆட்களில் நம் லயத்துக்குத் திரும்பியவர் ஒரே ஒருவர். அவர்தான் வந்து சொன்னார், அப்பா காலராவில் விழுந்தார், செத்தவர்களை மூங்கில் கொட்டகையோடு வைத்துக் கொளுத்தினார்கள் என்று. கல்லறைத் திருநாளில் எல்லோரும் அவரவர் கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டு போகிறார்கள். நான் முப்பது வருஷமாகக் கோயில் சுவரோரம் ஏற்றிவிட்டு வருகிறேன். உனக்குத் தெரியாதா இது?

கொன்றவன் பேச்சை எடுத்துக் கழுவித் துடைத்துப் புதுசாக ஒரு பாஷை செய்து, அதைச் செத்தவன் பெயரில் படைப்பாயா?

அடுப்பில் போடத்தான் தூக்கினேன். அப்பா பெயர் இருந்ததால் போட முடியவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம். எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடு. போட்டேன் என்று எழுது. அதுவரை இங்கே வர வேண்டாம்.

பிலோமினாள்


நெல்லிவாசல்
20.2.1981

அக்கா,

கடிதம் கிடைத்தது. பக்கத்தைக் கிழிக்க மாட்டேன்.

முழுப் புத்தகமும் அறுபத்திரண்டு பக்கம். நீ படித்தது இரண்டு பக்கம். அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டாய். எப்போதும் அப்படித்தான். ஆசிரியர் பயிற்சிக்கு எந்த ஊர், கட்டுகிற பெண் யார், எல்லாம் நீ முடிவு செய்து எனக்குச் செய்தி சொல்வாய். இந்த ஒரு வேலை நான் யாரையும் கேட்காமல் செய்தது. பதினான்கு வருடம் செய்தேன்.

அந்த மொழி எனக்கு எப்படி வந்தது என்று கண்டக்டரிடம் சொன்னாயா? நான் சொல்கிறேன். ஜப்பான்காரர்கள் தோட்டத்தில் பள்ளிக்கூடம் திறந்தபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தவள் நீ. வருகிற பிள்ளைக்குத் தினம் ஒரு டின் அரிசி கொடுத்தார்கள். நான் வாய்ப்பாடு போல அந்த மொழியை ஒப்பித்தேன். அரிசி வந்தது. நீயும் தின்றாய்.

மொழியா அடித்தது? வெள்ளைக்காரத் துரை பூட்ஸ் காலால் உதைத்தது எந்த மொழியில்? கங்காணி நம் அம்மா பிணம் கிடக்கும்போதே வேலைக்குக் கூப்பிட்டது தமிழில்தானே? தமிழை விட்டுவிடலாமா?

என்ன செய்திருக்கிறேன் என்றாவது கேள். ஜப்பானிய மொழியில் மூன்று வகை எழுத்து. நான் மூன்றையும் எடுத்துவிட்டேன். தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதிக்கொள்ளலாம். பெரியவனுக்கு ஒரு பேச்சு, சின்னவனுக்கு ஒரு பேச்சு என்று அதில் அடுக்கடுக்காக மரியாதை இருக்கிறது. அதையும் வெட்டிவிட்டேன். இங்கே மலைக்கு வருகிற பாரஸ்ட் காவலாளி, பேரன் எடுத்த தீர்த்தகிரியை 'டேய்' என்று கூப்பிடுகிறான். தீர்த்தகிரி அவனை 'சாமி' என்கிறார். கொதோவில் இரண்டு பேருக்கும் ஒரே சொல். வேறு சொல் தேடினாலும் கிடைக்காது. வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில் வரும். அதனால் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு நாளில் பேசினார்கள், அக்கா. சந்தையில் தங்களுக்குள் பேசிக்கொண்டு புளி வியாபாரியைத் திணறடித்தார்கள்.

நான்காம் விதி என்று ஒன்று இருக்கிறது, பதினெட்டாம் பக்கத்தில். அதற்காகத்தான் அப்பா பெயர். அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. நீ ஒருநாளும் கேட்டதுமில்லை.

சந்தியாகப்பன்


ஆலங்காயம்
1.3.1981

சந்தியாகு,

தின்றேன். உன் வாயிலிருந்து விழுந்த அரிசியைத்தான் தின்றேன். ஊருக்குக் கப்பலேறி வந்த பிறகு பதினாறு வருஷம் நான் ஆட்டுக்கல்லைச் சுற்றியதில் நீ தின்றதையும் எழுது. அதையும் அச்சடி.

பதினெட்டாம் பக்கத்தைப் பார்த்தேன். வினைக்கு வால் ஒட்ட வேண்டும் என்று என்னவோ இருக்கிறது. நான் அஞ்சாவது படித்தவள். எனக்குப் புரியவில்லை. அதற்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஒருநாளும் கேட்டதில்லை என்கிறாயே, இப்போது கேட்கிறேன். என்ன அது? மூடி மூடி எழுதாதே. சொல்வதானால் சொல். இல்லையென்றால் கடிதமே வேண்டாம். ஈஸ்டருக்கும் வர வேண்டாம். உனக்கென்று வைத்திருந்த சேவலை விற்றுவிட்டேன்.

பிலோமினாள்


நெல்லிவாசல்
15.3.1981

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதைப் படித்துப் பார்க்காமல் உறையில் போடப் போகிறேன்.

பெரட்டுக் களம் நினைவிருக்கிறதா, காலையில் தோட்டத்து ஆட்களை நிற்க வைத்து எண்ணும் இடம்? ஒருநாள் அங்கே ஓர் அதிகாரி வந்தான். கண்ணாடி போட்டவன், இடுப்பில் வாள். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். அவன் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆளில்லை. எங்கள் வாத்தியார் என்னைக் காட்டினார். நான்தான் வகுப்பில் முதல். மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் என்னை ஏற்றி நிறுத்தினார்கள். எதிரில் இருநூறு பேர். மூன்றாவது வரிசையில் அப்பா. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவன் வேலை என்றான், சொன்னேன். அரிசி என்றான், சொன்னேன். பிறகு 'சங்காகெட்சு தே கயெரு' என்றான். மூன்று மாதத்தில் திரும்புதல். அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

யார் திரும்புவது?

தமிழில் வினையைச் சொன்னாலே ஆளும் ஒட்டிக்கொண்டு வருவான். திரும்புவேன், திரும்புவாய், திரும்புவார்கள். அவர்கள் மொழியில் அது இல்லை. 'கயெரு' என்றால் யார் வேண்டுமானாலும் திரும்பலாம். அவன் தன்னைச் சொன்னானா, தன் பட்டாளத்தைச் சொன்னானா, நம் ஆட்களைச் சொன்னானா? தெரியாது. நான் தமிழில் சொல்லியாக வேண்டும். ஆளில்லாமல் தமிழில் வராது. ஒன்பது வயதுப் பையன் எதைச் சொல்வான்? அப்பா முகத்தைப் பார்த்தேன்.

அப்பாவே கேட்டார். "இன்னாடா சொல்றான்?"

"மூணு மாசத்துல நீங்கல்லாம் திரும்பி வந்துடுவீங்களாம்பா."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்பா."

அப்பா தலையாட்டினார். அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் தலையாட்டினார்கள். இரண்டாம் நாள் லாரி வந்தது. நூற்றுப் பத்துப் பேர் ஏறினார்கள்.

மெட்ராஸில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ஜப்பானிய இலக்கணம் கிடைத்தபோது அந்த ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் தேடினேன். எல்லாப் பாடத்தையும் படித்தேன். எங்கும் விடையில்லை. அந்த வாக்கியம் அப்படித்தான். ஆளில்லாதது.

அதனால் நான் ஆளை ஒட்டினேன். கொதோவில் 'கயெரு' என்று மட்டும் சொன்னால் தப்பு. 'கயெருவ' என்றால் நான் திரும்புவேன். 'கயெருந' என்றால் நீ. 'கயெருக' என்றால் அவன். ஆளைச் சொல்லாமல் ஒருவனும் வாயைத் திறக்க முடியாது. அதுதான் நான்காம் விதி.

நீ என்னை வெறுப்பதாக இருந்தால் மொழிக்காக வெறுக்காதே. காரணத்தைச் சொல்லிவிட்டேன்.

சந்தியாகப்பன்


ஆலங்காயம்
9.7.1981

சந்தியாகு,

நாலு மாசமாக நான் எழுதவில்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று கடை திறக்கவில்லை. மறுநாள் திறந்தேன். எழுத உட்கார்ந்தால் உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க உன் முதுகு பக்கத்தில் இல்லை. அதனால் எழுதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தீர்த்தகிரி கடைக்கு வந்தார். "வாத்தியாரு சங்கதி கேட்டியாம்மா?" என்றார். நீ எனக்கு எழுதாததை அவர் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பொய் இருந்தால் நீயே சொல்.

பெங்களூரிலிருந்து ஏதோ பட்டுக் கம்பெனி ஆட்கள் வந்தார்களாம். சாமை விதைக்கிற நிலத்தில் மல்பெரிச் செடி வை, புழு வளர்த்துக் கூடு கொடு, எல்லாம் எடுத்துக்கொள்ளப்படும் என்றார்களாம். கூடவே ஒரு ஜப்பான் கிழவர், புழு வளர்ப்பில் கெட்டிக்காரராம். அவர் பேசப் பேசக் கம்பெனிக்காரன் தமிழில் சொன்னானாம். ஜனங்கள் கைநாட்டு வைக்க வரிசையில் நின்றார்களாம். நீ பள்ளிக்கூடத்திலிருந்து எழுந்து வந்து நடுவில் நின்றாயாம்.

"இன்னாமோ ஒரே வார்த்தைய, 'தாரே, தாரே'ன்னு கேட்டாரும்மா. அந்தக் கெழவன் ஆடிப்பூட்டான். அப்புறம் எங்களாண்ட திரும்பி, 'யாரு எடுத்துக்குவாங்கன்னு கேட்டேன். எனக்குத் தெரியாது, நான் எலையும் புழுவும்தான் பாக்கறவன், எவனாச்சும் எடுப்பான்னு சொல்றாரு. கைநாட்டு வைக்காதீங்க'ன்னாரு. கம்பெனிக்காரன் 'நீ யாருய்யா கேக்கறதுக்கு'ன்னு பாய்ஞ்சான். வாத்தியாரு அவன் சட்டையப் புடிச்சிட்டாரு."

பிறகு அந்தக் கிழவர் உன்னிடம் ஏதோ கேட்டாராம், இந்தப் பாஷையை எங்கே படித்தாய் என்றிருக்கும். நீ 'மலாயா' என்றாயாம். 'சயாம்' என்றாயாம். கிழவர் இடுப்பு மடங்கக் குனிந்தாராம். "எழுந்திரிக்கவே இல்லம்மா. வாத்தியாரு பதிலுக்குக் குனியல. மொறச்சிப் பாத்துட்டு வூட்டுக்குப் போய்ட்டாரு. வழியெல்லாம் அழுதுகினே போனாருன்னு எம் பொண்டாட்டி செந்தாமரை சொன்னா."

ஒருத்தர்கூடக் கைநாட்டு வைக்கவில்லையாம். உன் மேல் கல்வி ஆபீசில் புகார் போயிருக்கிறதாம்.

இதைக் கேட்ட பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு நல்ல சாவு வராது. அதனால் எழுதுகிறேன்.

நீ பெட்டி மேல் ஏறி நின்றதற்கு மூணு நாள் முன்னாலேயே யார் யார் போவது என்று ஜாபிதா எழுதியாகிவிட்டது. கங்காணி கிருஷ்ணன் நம் வாசலுக்கு வந்தான். நான் உள்ளே கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். "வூட்டுக்கு ஓராளு சவரிமுத்து. நீ வர்லன்னா பொண்ண ஏத்திடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். அப்பா உள்ளே எட்டி என்னைப் பார்த்தார். பிறகு, "என் பேர எழுதிக்கோ" என்றார். ஜாபிதாவில் என் பெயர் இருந்தது. அப்பா முன்னாலேயே கோடு போட்டு அடித்தான்.

நான் வெளியே வந்து அப்பா காலைப் பிடித்தேன். நான் போகிறேன் என்றேன். அப்பா என்னை அடித்தார். அந்த ஒரு தடவைதான் அடித்தார்.

நீ களத்தில் பேசிவிட்டுக் குதித்துக்கொண்டு ஓடிவந்தாய். அப்பா பின்னால் வந்து என்னிடம் மட்டும் சொன்னார். "சின்னவன் மூணு மாசம்னு சொல்லிட்டான். அப்டியே இருக்கட்டும். எண்ணிக்கினு இருப்பான். நீ ஒண்ணும் சொல்லாத."

நான் சொல்லவில்லை.

உன் வார்த்தையை நம்பி அப்பா போகவில்லை, சந்தியாகு. நீ என்ன சொல்லியிருந்தாலும் போயிருப்பார். ஊமையாக நின்றிருந்தாலும் போயிருப்பார். எனக்காகப் போனார். அப்பா இருந்திருந்தால், நான் போயிருந்தால் என்று நினைக்காமல் ஒரு நாளும் நான் அடுப்பு மூட்டியதில்லை. உனக்குத் தெரிந்தால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இவளால்தானே என்று நினைப்பாய் என்று பயந்தேன். நீ என்னடாவென்றால் என்னைக் கேட்காமலே அந்தப் பாவத்தைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொண்டு, அதற்கு இலக்கணம் எழுதி அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாய். அது உன்னுடையது இல்லை. என்னுடையது.

மற்ற நூற்றொன்பது பேர் எதை நம்பிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். ஆனால் எல்லா வாசலுக்கும் கங்காணி போனான். அதை நான் பார்த்தேன்.

பிலோமினாள்


நெல்லிவாசல்
18.7.1981

அக்கா,

தீர்த்தகிரி சொன்னதில் பொய்யில்லை. சட்டையைப் பிடித்தது உண்மை. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. மலையை விட்டு மாற்றினாலும் மாற்றுவார்கள். அது கிடக்கட்டும்.

முப்பத்தெட்டு வருடம், அக்கா. ஒன்பது வயதுப் பையனிடம் சொல்லாதே என்றுதான் அப்பா உன்னிடம் சொன்னார். எனக்கு இருபது வயதானபோது சொல்லியிருக்கலாம். பிள்ளை பிறந்தபோது சொல்லியிருக்கலாம். ஒருமுறை நான் காய்ச்சலில் கிடந்து 'மூணு மாசம், மூணு மாசம்' என்று பிதற்றியதாக நீயே சொன்னாய். அப்போது நெற்றியில் பத்துப் போட்டாயே, வாயைத் திறந்தாயா? உன்னை நான் என்ன நினைப்பேனோ என்று பயந்தாயாம். என்னை நான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் யோசித்தாயா?

உன் கடிதத்தைப் படித்ததும் பாரம் இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இறங்கவில்லை. கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் கையைக் குத்திக்கொண்டேன். வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். அப்பா மேலும் கோபம். என்னை ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறார். நான் தொண்ணூறு நாளும் எண்ணினேன். அதற்குப் பிறகும் எண்ணினேன்.

உன்னால் அவர் போனார் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அதை மட்டும் எழுத்தில் வைத்துக்கொள். போகச் சொன்னவனை விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் எதற்கு ஜாபிதா எழுதிக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை.

கொதோவை விட மாட்டேன். தப்பான காரணத்துக்காகச் செய்ததாகவே இருக்கட்டும். தீர்த்தகிரி நிலத்தில் இப்போது சாமை முளைத்திருக்கிறது.

இப்போதைக்கு அங்கே வர மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். லாரியில் ஏறும்போது அப்பா எப்படி இருந்தார்? எவ்வளவு யோசித்தாலும் எனக்கு லாரிதான் தெரிகிறது, அவர் தெரியவில்லை. என்ன உடுத்தியிருந்தார்? அதையாவது எழுது.

சந்தியாகு


ஆலங்காயம்
22.7.1981

தம்பி,

கார்டில் எழுதுகிறேன். தபால்காரன் படித்தால் படிக்கட்டும்.

அரை வேட்டி, துண்டு. சட்டை போடவில்லை. அவரிடம் நல்ல சட்டை ஒன்றுதான் இருந்தது, நீலக் கோடு போட்டது. அதை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு ஏறினார். அதை வெட்டித்தான் உனக்கு இரண்டு சட்டை தைத்தேன். நாம் கப்பலேறும் வரைக்கும் நீ போட்டிருந்தது அதுதான். ஏறும்போது உன்னைப் பார்த்துச் சிரித்தார். நீ லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

எழுத இன்னும் இருக்கிறது. கார்டில் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கடை இல்லை. வா. கோபம் போகட்டும் என்று காத்திருக்காதே, எனக்கும் போகவில்லை. வாசலில் நின்றே திட்டு. திட்டி முடித்துவிட்டு உள்ளே வா. கையை நான் பார்க்க வேண்டும்.

அக்கா